சைகோனில் ஓர் ஆங்கில மையம்: 22 மாதம் வேலை பார்த்தவளின் மதிப்புரை

வியட்நாமுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் பொறியியல் கல்லூரிகளில் ஆங்கிலத் துறையில் இருப்பவர்கள், பத்து வருடம் ஆகியும் சம்பளம் 25,000 ரூபாயைத் தாண்டாதவர்கள். நானும் அப்படிப் போனவள்தான். விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான செல்ட்டா சான்றிதழை ஆன்லைனில் முடித்து, 2022 ஆகஸ்டில் ஹோ சி மின் நகரம் போய் இறங்கினேன். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது இன்னும் சைகோன்தான். அங்கே கோவாப் என்ற பகுதியில் மூன்று கிளை வைத்திருக்கும் ஒரு தனியார் ஆங்கில மையத்தில் 2024 ஜூன் வரை இருந்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக முழுசாக ஒரு தடவை எழுதிவிடுகிறேன். மையத்தின் பெயர் வேண்டாம். எனக்கு வேண்டியவர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

மையம் என்றால் நம்மூர் டியூஷன் சென்டரை மூன்று மாடிக்கு உயர்த்தி, கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பள்ளி முடிந்து வருவார்கள். வார நாளில் மாலை 5.30 முதல் 7 வரை ஒரு வகுப்பு, 7.30 முதல் 9 வரை இன்னொன்று. சனியும் ஞாயிறும் காலை எட்டு மணியிலிருந்து இருட்டும் வரை. ஆறு வயது முதல் பன்னிரண்டு வரைதான் அதிகம். கேம்பிரிட்ஜ் நடத்தும் ஸ்டார்ட்டர்ஸ், அதற்கு மேல் மூவர்ஸ், அதற்கும் மேல் ஃப்ளையர்ஸ் தேர்வுகளுக்குத் தயார் செய்ய வேண்டும். ஒவ்வொரு தேர்விலும் மூன்று பகுதி, மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் கேடயம்: பகுதிக்கு ஐந்து வரை, மொத்தம் 15. அந்த 15 கேடயத்தைக் காட்டித்தான் பெற்றோரிடம் காசு வாங்குகிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போவதில் குறைகள்தான் அதிகம். அந்தப் பிள்ளைகளைப் போல ஆசையாகக் கற்கும் பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. எட்டு மணி நேரம் பள்ளியில் இருந்துவிட்டு, வழியில் வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டு, "டீச்சர் ஒய்!" என்று கத்திக்கொண்டே படியேறி வருவார்கள். நவம்பர் 20 அங்கே ஆசிரியர் தினம். அன்றைக்கு என் மேசையில் பூ வைக்க இடம் இருக்காது. அந்த மையத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் முழுக்க இந்தப் பிள்ளைகளை வைத்துத்தான்.

சிக்கல் நான் போய்ச் சேர்ந்த வாரமே தொடங்கியது. பட்டச் சான்றிதழுக்குப் பல்கலைக்கழகச் சரிபார்ப்பு, சென்னையில் உயர்கல்வித் துறை முத்திரை, வெளியுறவு அமைச்சக முத்திரை, கடைசியில் டெல்லியில் வியட்நாம் தூதரக முத்திரை என்று எல்லாம் வாங்கித்தான் போயிருந்தேன். அப்போது வியட்நாம் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லை, அதனால் தூதரகம் வரை போயே ஆக வேண்டும். போலீஸ் சான்றிதழ் ஏப்ரல் தேதியிட்டது. மையத்தில் கொடுத்த அன்றே, இதற்கு ஆறு மாதம்தான் ஆயுள், அதற்குள் ஒர்க் பர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னேன். நிர்வாகி சிரித்துக்கொண்டே "கோம் ஸாவ்" என்றார். பரவாயில்லை, கவலைப்படாதே என்று பொருள். என் காகிதங்கள் ஒரு பச்சைக் கோப்பில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் படுத்துக் கிடந்தன. விண்ணப்பிக்க எடுத்தபோது சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தது.

அந்த மூன்று மாதமும் என்னை வகுப்பு எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "சும்மா உள்ளே போய் நில்லுங்கள், பார்வையாளர் மாதிரி" என்றார்கள். நான் போகவில்லை. பர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் வெளிநாட்டவருக்கு 1.5 கோடி முதல் 2.5 கோடி டாங் வரை அபராதம், கூடவே நாடு கடத்தல். கோடி என்றதும் பயப்பட வேண்டாம், நான் இருந்த காலத்தில் ஒரு ரூபாய்க்கு 290 டாங் சுமாருக்குக் கிடைத்தது. ஆனாலும் அரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிவிடும், கடவுச்சீட்டில் விழும் முத்திரையும் போகாது. மாட்டினால் மையத்துக்கும் அபராதம் உண்டு, ஆனால் நாடு கடத்தப்படுவது நாம்தான். கையில் இருந்த சேமிப்பில் வாடகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அதற்கு வழி சொன்னது நிர்வாகி அல்ல, உதவி ஆசிரியையாக இருந்த 21 வயதுப் பெண். வியட்நாமிலேயே தங்கியிருப்பவர் அப்போது அங்குள்ள நீதித் துறை அலுவலகத்தில் குற்றப்பதிவுச் சான்று வாங்கிக்கொள்ள முடிந்தது, அதை அவள்தான் கண்டுபிடித்தாள். தன் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போய், படிவத்தை நிரப்பி, வரிசையிலும் நின்றாள். நவம்பர் கடைசியில் பர்மிட் வந்தது.

இந்தப் பெண்ணைப் பற்றி எழுதத்தான் இந்த மதிப்புரையே. ஒவ்வொரு வகுப்புக்கும் வெளிநாட்டு ஆசிரியரோடு ஒரு வியட்நாமிய உதவி ஆசிரியை இருப்பார். பெரும்பாலும் கல்லூரி மாணவி. இவள் பென் சே பக்கத்துக்காரி, தென்னந்தோப்புகளின் ஊர். மணிக்கு 45,000 டாங் வாங்கினாள். எனக்கு மணிக்கு 3,50,000. அங்கே வயதைப் பார்த்துத்தான் ஒருவரை ஒருவர் அழைக்க முடியும். மரியாதையான பேச்சில் 'நீ', 'நீங்கள்' என்று மொட்டையாகச் சொல்ல வியட்நாமிய மொழியில் பெரும்பாலும் இடமில்லை, அக்கா, தங்கை, சித்தி, மாமா என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். அவளுக்கு நான் 'சி', அக்கா. எனக்கு அவள் 'எம்', தங்கை. இது எனக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. என்னோடு வேலை பார்த்த ஆங்கிலேயருக்கும் ஆஸ்திரேலியருக்கும் கடைசி வரை பழகவில்லை.

எந்தப் பிள்ளைக்குக் கேட்கும் திறன் குறைவு, யாருடைய அப்பா அம்மா பிரிந்து இருக்கிறார்கள், எந்த அறையில் ஸ்பீக்கர் வேலை செய்யாது, இந்த மாதம் எந்தக் கிளையில் சம்பளம் தள்ளிப்போகும், எல்லாம் அவளுக்குத் தெரியும். மையத்தை நடத்தியது அவளும் அவளைப் போன்ற பதினொரு பெண்களும்தான். நிர்வாகம் என்று மேலே எழுதியிருந்த அறையில் அவர்கள் யாருக்கும் நாற்காலி கிடையாது.

குழப்பத்துக்குக் காரணம் கெட்ட மனம் இல்லை. உரிமையாளர் ஒரு பள்ளி ஆசிரியை. வீட்டு முன்னறையில் ஒரே ஒரு வகுப்பாகத் தொடங்கி, பெருந்தொற்று முடிந்ததும் இரண்டே வருடத்தில் மூன்று கிளை ஆக்கியவர். வகுப்புக்குள் அவர் நின்றால் நான் ஓரமாக நின்று கற்றுக்கொள்வேன், அவ்வளவு நல்ல ஆசிரியை. ஆனால் டைம்டேபிளுக்கு என்று ஓர் ஆளை அவர் போடவே இல்லை. மாறாக ஆறு பேரைச் சேர்க்கைப் பிரிவில் போட்டார். அவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் குறைவு, பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன். வாசலில் வந்த பெற்றோரைக் கட்டணம் கட்டாமல் திருப்பி அனுப்பினால் அவர்களுக்குத்தான் நஷ்டம். அதனால் எந்த வகுப்பில் இடம் இருக்கிறதோ அங்கே பிள்ளையைப் போட்டுவிடுவார்கள், நிலை பார்ப்பதில்லை. பாதிப் பாடம் முடிந்த ஸ்டார்ட்டர்ஸ் வகுப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று புதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு ஆறு வயது, ஆங்கில எழுத்தே தெரியாது. ஒருவனுக்குப் பதினொன்று, அவன் ஏற்கெனவே மூவர்ஸ் எழுதியவன்.

"சி, ரெண்டு பேர் பேரு லிஸ்ட்லயே இல்ல. மூணாவது பிள்ளையோட அம்மா பணம் கட்டிட்டுப் போயிட்டாங்க" என்று என் காதில் சொல்லிவிட்டு, அவள் மூன்று நாற்காலி தேடப் போனாள்.

இப்படி எத்தனையோ. ஞாயிறு காலை 7.10க்கு ஸாலோவில் (அந்த ஊர் வாட்ஸ்அப்) செய்தி வரும், எட்டு மணி வகுப்பு வேறு கிளைக்கு மாறிவிட்டது என்று. 5.30 வகுப்புக்கு 5.20க்கு வந்து, இன்று பெற்றோர் முன்னால் மாதிரி வகுப்பு என்பார்கள். ஒரு முறை ஆண்டு நடுவில் பாடப்புத்தகத்தையே மாற்றினார்கள், வேறு பதிப்பகம் தள்ளுபடி கொடுத்ததாம். ஏழாவது பாடத்தில் இருந்த பிள்ளைகள் மறுபடி வணக்கம் சொல்லும் முதல் பாடத்துக்கு வந்தார்கள். வீட்டில் 'இறால்' என்று செல்லப்பெயர் உள்ள ஒரு பையன் புதுப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "டீச்சர், நான் ஃபெயிலா?" என்று கேட்டான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. நீ ஃபெயில் இல்லை, பெரியவர்கள் புத்தகத்தை மாற்றிவிட்டார்கள் என்று எட்டு வயதுப் பையனுக்கு எப்படிப் புரியவைப்பது? அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் என் வகுப்புக்குள் ஓர் ஒழுங்கை நானே கட்டுவது என்று முடிவெடுத்தேன். ஒரு பெரிய கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் தேதி, எத்தனாவது பக்கம் வரை, யார் வரவில்லை, யாருக்கு எது பிடிபடவில்லை. ஐந்தே நிமிடம். வலப்பக்கத்தில் தங்கை அதையே வியட்நாமிய மொழியில் எழுதுவாள். நோட்டு என் பையில் இருக்காது, வகுப்பு அலமாரியில் இருக்கும். நான் திடீரென்று வேறு கிளைக்கு அனுப்பப்பட்டாலும், என் இடத்தில் வருபவர் அதைப் பார்த்துப் பாடத்தைத் தொடரலாம். நாலு மாதத்தில் மற்ற வகுப்புகளிலும் அந்த மாதிரி நோட்டு வந்தது. யாரும் உத்தரவு போடவில்லை, உதவி ஆசிரியைகள் தங்களுக்குள்ளேயே பரப்பிக்கொண்டார்கள்.

பையில் எப்போதும் ஒரு பந்து, இரண்டு பகடை, வெள்ளைத் தாள் ஒரு கட்டு, கலர் பென்சில். புத்தகம் இல்லாமல், நிலை தெரியாமல், எந்த வகுப்புக்குள் தள்ளினாலும் 45 நிமிடம் ஓட்ட ஒரு பாடம் வைத்திருந்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீடு. கிணறு, முருங்கை மரம், திண்ணை, மாடியில் காயும் வடகம், எதையும் நான் சொல்ல மாட்டேன். பெரிய பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வேண்டும்: மரம் இருக்கிறதா, எத்தனை சன்னல், கிணறு எந்தப் பக்கம். என் பதிலைக் கேட்டுச் சின்னப் பிள்ளைகள் வரைய வேண்டும். எழுத்து தெரியாத ஆறு வயதுக்காரிக்கும் வேலை இருக்கும், மூவர்ஸ் முடித்தவனுக்கும் வேலை இருக்கும். போகிறவர்கள் இப்படி ஒரு பாடத்தை இங்கிருந்தே தயார் செய்துகொண்டு போங்கள்.

ஒரு விஷயத்தில் நான் இறங்கிப்போகவே இல்லை. பெற்றோர் கேட்டால் சிங்கப்பூர் என்று சொல்லுங்கள் என்றார்கள் சேர்க்கைப் பிரிவில். வெள்ளைத் தோல் இல்லாத ஆசிரியருக்கு ஊரையாவது மாற்றிவிடலாம் என்று நினைப்பு. இந்தியா, திருநெல்வேலி என்றுதான் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொன்னேன். ஒரே ஒரு குடும்பம் வேறு வகுப்பு கேட்டுப் போனது, அது வலித்தது. மற்ற எல்லாரும் இருந்தார்கள். ஒரு பாட்டி, ஊர் பெயரைக் கேட்டுவிட்டு, நகரத்தின் நடுவில் இருக்கும் மாரியம்மன் கோவிலில் ஒவ்வொரு மாதமும் தான் ஊதுவத்தி ஏற்றுவதாகச் சொன்னார். ட்ருவோங் டின் தெருவில் நம்மவர்கள் கட்டிய கோவில் அது. இன்று கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்தான்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் வியட்நாமிய மொழியிலும் இருக்கும், முரண்பட்டால் வியட்நாமிய வாசகமே செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கும். என் ஆங்கிலப் பக்கத்தில் 'வாரம் 20 மணி நேரம்'. வியட்நாமியப் பக்கத்தில் '20 மணி நேரம் வரை'. 'வரை' என்ற ஒரு சொல்லுக்காக மழைக்கால மாதங்களில் 11 மணி நேரச் சம்பளம் வாங்கினேன். கையெழுத்துப் போடும் முன்பு வியட்நாமியப் பக்கத்தை நிர்வாகத்தைச் சேராத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

பத்தாம் தேதி சம்பளம். 2024இல் வியட்நாமியரின் டெட் புத்தாண்டு சரியாக பிப்ரவரி 10. இரண்டு வாரம் மையம் மூடல், வகுப்பு இல்லாததால் வருமானமும் இல்லை என்றார்கள். ஜனவரிச் சம்பளமும் வரவில்லை. அப்போதுதான் அங்குள்ள தொழிலாளர் சட்டத்தை, 2019இல் நிறைவேறி 2021 முதல் நடைமுறையில் இருப்பதை, உட்கார்ந்து படித்தேன். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே படிக்காததற்காக இன்றும் வருத்தப்படுகிறேன். சம்பளம் 15 நாளோ அதற்கு மேலோ தாமதமானால் வட்டி சேர்த்துத் தர வேண்டும். உரிய தேதியில் முழுச் சம்பளம் தராவிட்டால் முன்னறிவிப்பு இல்லாமலே நாம் வேலையை விடலாம். டெட் விடுமுறையில் ஐந்து நாள் ஊதியத்தோடு கூடியது. தகுதிகாண் காலம் பட்டம் தேவைப்படும் வேலைக்கு 60 நாளுக்கு மேல் போகக் கூடாது, அப்போதும் 85 விழுக்காட்டுச் சம்பளமாவது தர வேண்டும். அசல் சான்றிதழ்களை முதலாளி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டவருக்குத் தன் நாட்டுப் புத்தாண்டுக்கு ஒரு நாளும், தேசிய தினத்துக்கு ஒரு நாளும் கூடுதல் விடுமுறை உண்டு.

இதைச் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அந்த ஊரில் நாலு பேர் முன்னால் குரலை உயர்த்தினால் அதோடு பேச்சு முடிந்துவிடும். சட்டப் பிரிவு எண்களோடு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். தங்கை அதை மரியாதை குறையாத வியட்நாமிய நடையில் மாற்றினாள். பிப்ரவரி 27 அன்று உரிமையாளரிடம் தனியாக, இரண்டு கையாலும் கொடுத்தேன். 29ஆம் தேதி சம்பளம் வந்தது, ஐந்து நாள் விடுமுறை ஊதியமும் சேர்ந்து. வட்டி வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். அந்த வருடம் சித்திரை 1 ஞாயிற்றுக்கிழமை, நான்கு வகுப்பு. பிள்ளைகளை விட மனமில்லாமல் திங்கள்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கவனித்து வையுங்கள். நான் இருந்த காலத்தில் அப்பாக்ஸ் லீடர்ஸ் என்ற பெரிய ஆங்கில மையச் சங்கிலி சரிந்தது. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பெற்றோர் அலைந்தார்கள், அதன் தலைவர் 2024 மார்ச்சில் மோசடி வழக்கில் கைதானார். ஜப்பானில் 2007 அக்டோபரில் நோவா என்ற ஆங்கிலப் பள்ளிச் சங்கிலி நொடித்தபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். இரண்டு இடத்திலும் பெற்றோரிடமும் மாணவரிடமும் நீண்ட காலக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கியிருந்தார்கள். ஒரு மையம் திடீரென்று இரண்டு வருடக் கட்டணத்தைப் பெரிய தள்ளுபடியில் விற்கத் தொடங்கினால், அந்த மாதமே உங்கள் சம்பளக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு வேறு வேலை தேட ஆரம்பியுங்கள். எங்கள் மையத்தில் அந்த விளம்பரப் பலகை 2024 ஏப்ரலில் வாசலுக்கு வந்தது. நான் மே மாதம் கடிதம் கொடுத்துவிட்டு, 30 நாள் முன்னறிவிப்பை முழுசாக முடித்து, ஜூனில் விலகினேன்.

மதிப்பெண் கேட்டால், பிள்ளைகளுக்கும் உதவி ஆசிரியைகளுக்கும் ஐந்துக்கு ஐந்து. நிர்வாகத்துக்கு ஒன்றரை. முதல் முறை வெளிநாடு போகிறவர்கள், கையில் நாலு மாத வாடகைப் பணம் இல்லாதவர்கள் இந்த மாதிரி மையத்துக்குப் போக வேண்டாம். ஏஜென்ட் எது சொன்னாலும் வேண்டாம்.

அடுத்த வேலைக்கு இரண்டு இடத்தில் நேர்முகம் போனேன். கடைசியில் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். உங்கள் உதவி ஆசிரியை ஒருவரோடு பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். முதல் இடத்தில் அது வழக்கமில்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு பெண்ணை வகுப்பிலிருந்து கூட்டி வந்து உட்காரவைத்துவிட்டு, மேலாளர் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார். டைம்டேபிள் யார் போடுவது என்று கேட்டேன். ஒரு பெயரைச் சொன்னாள். மாதம் எத்தனை தடவை மாறும் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "போன மாதம் ஒரு தடவை, சி" என்றாள். அங்கேதான் சேர்ந்திருக்கிறேன்.